ரைட் கிளிக் செய்தால் 11 விநாடி

ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்வேன். மெனு வராது. மவுஸ் முனையில் நீல வட்டம் சுற்றும். பொறுமை இழந்து இன்னொரு தரம் எங்காவது கிளிக் செய்துவிட்டால் போச்சு, ஜன்னல் முழுக்க வெள்ளை படர்ந்து தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து நிற்கும். கீழே டாஸ்க்பாரும் செத்த மாதிரி கிடக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல மெனு வந்து விழும். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன்: 11 விநாடி. மறுபடி அளந்தேன், அதே 11. காலையில் பார்த்தாலும் 11, ராத்திரி பார்த்தாலும் 11.

அந்த 11 என்ற எண்ணிலேயே பாதி விடை இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் நான் செய்த காரியம் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டது. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா சாஃப்ட்வேரையும் திரும்ப ஏற்றினேன். சில வாரம் நன்றாக ஓடியது, பிறகு எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நாளில் அதே 11 விநாடி திரும்பி வந்தது. இரண்டாவது தடவைதான் ஒழுங்காகத் தேடினேன். அந்தத் தேடலை அப்படியே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

முதலில் எக்ஸ்ப்ளோரருக்குள், அதாவது ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் நமக்குத் திறந்து காட்டும் விண்டோஸ் புரோகிராமுக்குள், என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ரைட் கிளிக் செய்யும்போது வரும் மெனுவை எக்ஸ்ப்ளோரர் தனியாகத் தயாரிப்பதில்லை. ஜிப் செய்யும் சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ், க்ளவுட் சிங்க், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று ஆளாளுக்கு ஒரு டிஎல்எல் ஃபைலை (இன்னொரு புரோகிராம் தனக்குள் ஏற்றிக்கொண்டு ஓட்டும் துணை ஃபைல்) கொடுத்துவைத்திருப்பார்கள். எக்ஸ்ப்ளோரர் அவை ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ‘இந்த ஃபைலுக்கு உன் பங்குக்கு ஏதாவது மெனுவில் சேர்க்கணுமா?’ என்று கேட்கும். எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் மெனு திரைக்கு வரும். ஒருத்தர் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். இந்த டிஎல்எல்களுக்கு விண்டோஸ் வைத்த பெயர் ஷெல் எக்ஸ்டென்ஷன். நாம் ப்ளக்இன் என்றே சொல்லுவோம்.

இந்த ஏற்பாடு விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கிறது. இதில் உள்ள சிக்கல், இந்த ப்ளக்இன்கள் தனி புரோகிராமாக ஓடுவதில்லை, எக்ஸ்ப்ளோரரின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகின்றன. அதனால் எவனோ செய்யும் தப்புக்கு எக்ஸ்ப்ளோரர் பெயரில்தான் புகார் எழுதப்படுகிறது. ஒரு ஜன்னல் 5 விநாடிக்கு மேல் விண்டோஸின் கேள்விகளுக்கு அசையாமல் இருந்தால் அதற்கு ‘நாட் ரெஸ்பாண்டிங்’ பட்டம் கட்டிவிடுவார்கள். டெஸ்க்டாப்பும் டாஸ்க்பாரும் அதே எக்ஸ்ப்ளோரர்தான் என்பதால் அவையும் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. நோட்பேடைத் திறந்து, ஃபைல் திறக்கும் ‘ஓப்பன்’ பெட்டியை வரவழைத்து, அதற்குள் இருக்கும் ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்யுங்கள். அந்தப் பெட்டி நோட்பேடுக்குள் ஓடுகிறது, ஆனால் அதே ப்ளக்இன்களைத்தான் ஏற்றிக்கொள்கிறது. இங்கும் அதே அளவு தொங்கினால் எக்ஸ்ப்ளோரர் மேல் சந்தேகப்படுவதை விட்டுவிடலாம். என் கம்ப்யூட்டரில் நோட்பேடும் 11 விநாடி தொங்கியது.

சேஃப் மோடும் க்ளீன் பூட்டும் ஏன் ஏமாற்றும்

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வைத்தியம் இந்த இரண்டும்தான். சேஃப் மோட் என்றால் விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்குவது, க்ளீன் பூட் என்றால் மற்ற கம்பெனிகளின் சர்வீஸ்களையும் (பின்னணியில் ஓடுபவை) தானாகத் தொடங்கும் புரோகிராம்களையும் அணைத்துவிட்டுத் தொடங்குவது. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் டூலில் போய் சர்வீஸ்களை அணைத்து க்ளீன் பூட் செய்து பார் என்பார்கள். நானும் செய்தேன். சர்வீஸ்கள் அணைந்தன, தானாகத் தொடங்கும் புரோகிராம்கள் அணைந்தன, ரைட் கிளிக் மட்டும் மாறவே இல்லை. ஷெல் எக்ஸ்டென்ஷன் என்பது சர்வீஸும் இல்லை, தானாகத் தொடங்கும் புரோகிராமும் இல்லை. எக்ஸ்ப்ளோரர் கூப்பிடும்போது மட்டும் எழுந்து வரும் ஆள் அது. சேஃப் மோடிலும் இவை ஏறக்கூடும். ஆகவே ‘க்ளீன் பூட்டிலும் ஹேங் ஆகிறது, அப்படியென்றால் விண்டோஸ்தான் கெட்டுவிட்டது’ என்று முடிவுக்கு வராதீர்கள். நான் வந்தேன், அதன் விலைதான் அந்த இரண்டு நாள்.

எப்போது தொங்குகிறது என்று எழுதிவையுங்கள்

எந்த டூலையும் இறக்கும் முன் ஒரு காகிதமும் பேனாவும் போதும். எக்ஸ்ப்ளோரர் எந்தச் செயலின்போது தொங்குகிறது என்பதை வைத்தே எந்த வகை ப்ளக்இன் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வகை தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் நன்றாகக் குறையும்.

ரைட் கிளிக்கில் தொங்கினால் மெனு ப்ளக்இன். அதிலும் நுணுக்கிப் பாருங்கள். ஃபோல்டருக்குள் காலி இடத்தில் ரைட் கிளிக், ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலின் மேல், ஒரு படத்தின் மேல் என்று நான்கையும் தனித்தனியாகச் செய்து பார்க்க வேண்டும். காலி இடத்தில் மட்டும் என்றால் பல நேரம் அது கிராஃபிக்ஸ் டிரைவர் சேர்த்த மெனுவாக இருக்கும். படத்தில் மட்டும் என்றால் பட சாஃப்ட்வேர். எனக்கு எந்த ஃபைலில் செய்தாலும் தொங்கியது, காலி இடத்தில் தொங்கவில்லை.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதில் முதலில் வருவது புதிய சுருக்க மெனு. பழைய பாணி ப்ளக்இன்கள் எல்லாம் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் வரும் நீள மெனுவில் இருக்கின்றன. ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினாலும் அதே நீள மெனு வரும். சுருக்க மெனு சட்டென்று வந்து, நீள மெனு மட்டும் தொங்கினால் ஆள் பழைய பாணிக்காரன்.

ஃபோல்டரைத் திறக்கும்போதே தொங்கினால் கதை வேறு. ஐகான் மேல் ஒட்டும் சின்னப் பச்சை டிக், நீல மேகம் இவற்றை வரையும் ஓவர்லே ப்ளக்இன்கள், படங்களுக்கும் வீடியோக்களுக்கும் தம்ப்நெயில் செய்பவை, ‘நீளம்’, ‘அளவு’ போன்ற விவரங்களை ஃபைலுக்குள் போய்ப் படித்துக் காட்டுபவை என்று மூன்று வகையும் அப்போது வேலை செய்யும். ஓவர்லேக்களைப் பற்றி ஒரு வேடிக்கை: விண்டோஸில் மொத்தமே 15 ஓவர்லேக்குத்தான் இடம். பட்டியலை அகர வரிசையில் எடுத்துக்கொள்ளும் என்பதால் க்ளவுட் கம்பெனிகள் தங்கள் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் மேல் ஸ்பேஸாக அடித்து வரிசையில் முன்னே வந்து நிற்கின்றன. விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேர்த்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ரேஷன் வரிசையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்த மாதிரி இருக்கும்.

ஃபைலைச் சும்மா ஒரு முறை கிளிக் செய்தாலே தொங்கினால் வலது பக்கம் இருக்கும் ப்ரிவ்யூ பேன் மேல் சந்தேகம். ஆல்ட் + பி அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். மூடியதும் சரியானால் அங்கேயே விஷயம் முடிந்தது. தம்ப்நெயிலைச் சோதிக்க, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘எப்போதும் ஐகானையே காட்டு, தம்ப்நெயில் வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். தம்ப்நெயில் ப்ளக்இன்கள் பெரும்பாலும் காம் சரகேட் என்ற தனி புரோகிராமுக்குள்தான் ஓடுகின்றன. அதனால் அவை செத்தாலும் எக்ஸ்ப்ளோரர் பிழைத்துக்கொள்ளும், ‘காம் சரகேட் வேலை செய்வதை நிறுத்திவிட்டது’ என்ற செய்தி வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் வைரஸ் என்று பதற வேண்டாம்.

மவுஸை ஃபைலின் மேல் வைத்தாலே தொங்குவது, வலது பட்டனால் இழுத்து விட்டால் தொங்குவது, ஃபோல்டரின் பெயரை மாற்றினால் மட்டும் தொங்குவது என்றும் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ப்ளக்இன் இனம் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் உங்களுக்கு அதுவாக இருந்தால் அதிர்ஷ்டம், பட்டியலில் இரண்டு மூன்று பெயர்தான் இருக்கும்.

எழுதும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்து எழுதுங்கள். ஒன்று, எத்தனை விநாடி. இரண்டு, அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரின் சிபியு எவ்வளவு. சிபியு எகிறிக்கொண்டிருந்தால் ப்ளக்இன் ஏதோ கணக்குப் போட்டுத் தவிக்கிறது. சிபியு பூஜ்யத்தில் கிடந்து, தொங்கும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால், யாரோ எங்கிருந்தோ வர வேண்டிய பதிலுக்காகக் காத்திருந்து, குறித்த கெடு முடிந்ததும் கைவிடுகிறார்கள். என் 11 விநாடி இந்த இரண்டாவது ரகம். நோட்டில் ‘11, 11, 11, சிபியு 0’ என்று எழுதிவைத்தும் அதன் அர்த்தம் புரிய எனக்கு இன்னும் ஒரு ராத்திரி ஆனது.

ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் என்றால்

இது ப்ளக்இன் வேட்டை அல்ல, ஆனாலும் அடிக்கடி குழப்புவது. என்னோடு வேலை செய்பவர் ஒருவர், ‘டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டரே செத்துப்போகுது’ என்றார். மற்ற எந்த ஃபோல்டரும் தொங்கவில்லை. இப்படி இருந்தால் ப்ளக்இன்களைப் பாதிபாதியாகப் பிரிக்கும் முன் ஃபைல்களைப் பாதிபாதியாகப் பிரியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் செய்ய முடியாது, அதுதான் தொங்குகிறதே. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பாதி ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, எந்தப் பாதி தொங்குகிறது என்று பார்த்து, அதை மறுபடி பாதியாக்க வேண்டும். அவருக்கு நான்காவது பிரிப்பில் மாட்டியது பாதியில் நின்றுபோன ஒரு வீடியோ டவுன்லோட். அதன் நீளத்தைப் படித்துக் காட்ட ஒரு ப்ளக்இன் முயன்று கொண்டே இருந்திருக்கிறது. அழித்தோம், சரியானது. அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் என்ற பகுதிக்குப் போய், வீடியோ ஃபோல்டர் என்று இருந்ததை ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்று மாற்றியும் வைத்தேன். அப்படி மாற்றினால் நீளம், பரிமாணம் போன்ற பத்திகளைக் காட்டும் வேலையே இருக்காது.

ப்ளக்இன்களைப் பாதியாக வெட்டுவது

இதற்கு நான் பயன்படுத்துவது நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ, கம்ப்யூட்டரில் உள்ள ஷெல் எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிட்டு அணைக்க உதவும் டூல். இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஜிப்பை விரித்து ஓடவிட்டால் போதும். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் பதிப்பையே எடுங்கள். 32 பிட் பதிப்பை ஓட்டிவிட்டுப் பட்டியலில் சந்தேகப்பட்ட ஆளே இல்லையே என்று தேடிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

திறந்ததும் நூற்றுக்கணக்கில் வரிகள் வரும். மிரள வேண்டாம். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த எக்ஸ்டென்ஷன்களை மறைக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டதும் பட்டியல் சுருங்கிவிடும். எனக்கு 23 மிச்சம் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கை அணைத்து விளையாடாதீர்கள், குற்றவாளி அங்கே இருப்பது அபூர்வம், அணைத்தால் வேறு ஏதாவது உடையும்.

அடுத்து ‘டைப்’ என்ற பத்தியைக் கிளிக் செய்து வகைவாரியாக அடுக்குங்கள். எழுதிவைத்த காகிதம் இங்கேதான் கைகொடுக்கும். ரைட் கிளிக் பிரச்சினை என்றால் ‘கான்டெக்ஸ்ட் மெனு’ வகையைத் தொட்டால் போதும். எனக்கு 23ல் 14 இந்த வகை. இன்னொரு பயனுள்ள பத்தி, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் ரிஜிஸ்ட்ரியில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று காட்டும் தேதி. தொங்கல் எப்போது தொடங்கியது என்று உங்களுக்கு நாள் நினைவிருந்தால், அந்த நாளை ஒட்டி வந்தவர்களை முதலில் விசாரிக்கலாம். எனக்கு நாள் நினைவில்லை.

அணைக்கும் முன் பட்டியலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதில் அணைப்பது எதையும் அழிப்பதில்லை, எஃப்7 அழுத்தினால் அணையும், எஃப்8 அழுத்தினால் மறுபடி உயிர் பெறும். ஆனாலும் ஏற்கெனவே அணைந்திருந்தது எது, நாம் அணைத்தது எது என்று பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

இனி வெட்டு. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது ஆகாத வேலை. 14ஐ ஒவ்வொன்றாகப் பார்த்தால் 14 தடவை எக்ஸ்ப்ளோரரை மறுபடி ஓட்டணும். பாதியாக வெட்டினால் நான்கே தடவை. பட்டியல் 60 என்றாலும் 6 தடவைதான்.

நான் செய்தது இது. மேலிருந்து 7 பேரை அணைத்தேன். டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ வரியைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். இந்தப் படியை விட்டுவிட்டால் எல்லாம் வீண், ஏனென்றால் ஏற்கெனவே ஏறிய டிஎல்எல் எக்ஸ்ப்ளோரர் இறங்கும் வரை வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ரைட் கிளிக். 11 விநாடி. சரி, ஆள் அந்த 7ல் இல்லை. அவர்களை எழுப்பிவிட்டு, கீழே இருக்கும் 7ஐ அணைத்தேன். ரைட் கிளிக் செய்ததும் மெனு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. இந்த இரண்டாவது சோதனை அவசியமா என்றால், கணக்குப்படி அவசியமில்லை, முதல் பதிலே போதும். ஆனால் குற்றவாளிகள் இரண்டு பேராக இருந்து பாதிக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தால் இரண்டு பாதியிலும் தொங்கும். அதை முதலிலேயே தெரிந்துகொள்ள இந்த ஒரு கூடுதல் ரீஸ்டார்ட் தகும்.

கீழே இருந்த 7ல் முதல் 4ஐ எழுப்பினேன். தொங்கவில்லை. மிச்சம் 3. அதில் ஒன்றை எழுப்பினேன், தொங்கவில்லை. அடுத்ததை எழுப்பினேன். 11 விநாடி. பிடிபட்ட பெயரைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஒரு பேக்கப் சாஃப்ட்வேர். அதை நான் நீக்கியே மாதக்கணக்கு ஆகிறது. புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு பழக்கதோஷத்தில் ஏற்றி, பிடிக்காமல் நீக்கியது. நீக்கும்போது அதன் டிஎல்எல் எக்ஸ்ப்ளோரருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும், ஓடும் ஃபைலை அழிக்க முடியாது, அன்இன்ஸ்டாலர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆள் ஊரைவிட்டுப் போனாலும் அவர் வைத்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெட்டும்போது ஒரே சாஃப்ட்வேருக்கு இரண்டு மூன்று வரிகள் இருந்தால் அவற்றை ஒரே பக்கத்தில் வையுங்கள். இழுத்துவிடும் ப்ளக்இன், மெனு ப்ளக்இன் இரண்டும் ஒரே டிஎல்எல்லாக இருப்பது சகஜம், ஒன்றை மட்டும் அணைத்தால் முடிவு குழப்பும். ஷெல்எக்ஸ்வியூ பிடிக்காதவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் டூல் தொகுப்பிலுள்ள ஆட்டோரன்ஸை எடுக்கலாம். அதில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பிரிவு இதே பட்டியலைக் காட்டும், டிக்கை எடுத்தால் அணையும். எனக்கு வகைவாரியாக அடுக்கும் வசதிக்காக முதல் டூலே பிடித்திருக்கிறது.

லினக்ஸில் இருப்பவர்களுக்கும் தர்க்கம் இதேதான். அங்கே ஃபோல்டர்களைக் காட்டும் புரோகிராம் நாட்டிலஸ் என்றால் எக்ஸ்டென்ஷன்கள் ஒரு ஃபோல்டரில் தனித்தனி ஃபைல்களாகவே கிடக்கும், பைத்தானில் எழுதியவை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இன்னொரு இடத்தில் இருக்கும். பாதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு நாட்டிலஸை முழுதாக மூடித் திறந்தால் ஆயிற்று. ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், க்விட் கட்டளை கொடுத்து இறக்க வேண்டும்.

திரும்பவும் தொங்கவிட்டுப் பார்ப்பது

அணைத்தோம், சரியானது, விட்டது தொல்லை என்று எழுந்துபோகத் தோன்றும். ஒரே ஒரு படி பாக்கி. மற்ற எல்லாரையும் எழுப்பிவிட்டு, இவரை மட்டும் அணைத்து ஒரு தடவை பாருங்கள். பிறகு இவரை மட்டும் விட்டு மற்ற எல்லாரையும் அணைத்து ஒரு தடவை பாருங்கள். முதலில் தொங்காமல், இரண்டாவதில் தொங்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. எக்ஸ்ப்ளோரரை இத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்ததாலேயே தற்காலிகமாகச் சரியான கேஸ்களும் உண்டு, அவை மறுநாள் காலையில் பல்லிளிக்கும்.

பிடிபட்டவரை என்ன செய்வது என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. தேவையான சாஃப்ட்வேர் என்றால் முதலில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த சாஃப்ட்வேரின் செட்டிங்ஸிலேயே ரைட் கிளிக் மெனுவில் சேராதே என்று சொல்லும் வசதி பலவற்றில் இருக்கிறது, அதுதான் சுத்தமான வழி. ஷெல்எக்ஸ்வியூவில் அணைத்து வைத்தாலும் பாதகமில்லை, ஆனால் அடுத்த அப்டேட்டில் அந்த சாஃப்ட்வேர் தன்னைத் தானே மறுபடி பதிவுசெய்துகொண்டு வந்து நிற்கலாம். ஆன்டிவைரஸின் மெனுவை அணைப்பதால் காவல் நின்றுவிடாது, ரைட் கிளிக்கில் வரும் ‘ஸ்கேன்’ மட்டும்தான் போகும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஃபோல்டர் ஜன்னல்களைத் தனி புராசஸில் திற’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். தொங்கல் தீராது, டாஸ்க்பாராவது பிழைக்கும்.

ஏன் தொங்கியது என்று தெரிந்துகொள்ள

இது கட்டாயமில்லை. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு அநாதை டிஎல்எல் எதற்காக மிகச் சரியாக 11 விநாடி காத்திருக்க வேண்டும்?

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். அப்ளிகேஷன் லாகில் 1002 என்ற எண்ணோடு ‘அப்ளிகேஷன் ஹேங்’ என்று வரிசையாக இருந்தது. எக்ஸ்ப்ளோரர் தொங்கியது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, அது எனக்கே தெரியும். தொங்காமல் மொத்தமாக மூடிக்கொள்ளும் கேஸ் என்றால் 1000 என்ற எண்ணில் பதிவாகும், அதில் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற இடத்தில் டிஎல்எல்லின் பெயரே இருக்கும். உங்கள் எக்ஸ்ப்ளோரர் மூடிக்கொள்ளும் ரகம் என்றால் வெட்டும் வேலைக்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள், ஒரே நிமிடத்தில் முடிந்துபோகலாம்.

எனக்கு உதவியது விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மானிட்டர். அதன் சிபியு பகுதியில் எக்ஸ்ப்ளோரர் வரியை ரைட் கிளிக் செய்தால் ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்று ஒன்று இருக்கும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லும். சிரமம் என்னவென்றால் தொங்கும் அந்த 11 விநாடிக்குள் அதை அழுத்த வேண்டும், தொங்கும்போது டாஸ்க்பார் வேலை செய்யாது. அதனால் ரிசோர்ஸ் மானிட்டரை முன்பே திறந்து திரையின் இடது பாதியிலும், ஃபோல்டரை வலது பாதியிலும் வைத்துக்கொண்டேன். குற்றவாளியை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு, வலது பக்கம் ரைட் கிளிக், உடனே இடது பக்கம் பாய்ந்து வெயிட் செயின். முதல் இரண்டு தடவை கை போய்ச் சேரும் முன் மெனு வந்துவிட்டது. மூன்றாவது தடவை மாட்டியது: எக்ஸ்ப்ளோரரின் த்ரெட் ஒன்று நெட்வொர்க் வேலை முடிவதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி.

நெட்வொர்க்கா? ரைட் கிளிக் செய்தது என் சொந்த டிஸ்க்கில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை. சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் மானிட்டரை எடுத்து, எக்ஸ்ப்ளோரர் செய்வதை மட்டும் காட்டும்படி வடிகட்டி, மறுபடி ஒரு ரைட் கிளிக். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் பத்தியைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வரிகள், நடுவில் ஒன்று மட்டும் 11 விநாடியை விழுங்கியிருந்தது. அதன் முடிவுப் பத்தியில் ‘பேட் நெட்வொர்க் பாத்’. போக முயன்ற முகவரி என்னுடைய பழைய கம்ப்யூட்டரின் பெயர்.

அப்போதுதான் விளங்கியது. பேக்கப்புக்காக அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஒரு ஃபோல்டரை இசட் டிரைவ் என்று இணைத்துவைத்திருந்தேன். அதை வேறொருவருக்குக் கொடுத்தும் ஆயிற்று. ப்ளக்இன் ஒவ்வொரு ரைட் கிளிக்கிலும் பேக்கப் இடம் இருக்கிறதா என்று கதவைத் தட்டியிருக்கிறது. அங்கே ஆளே இல்லை. தட்டித் தட்டிப் பார்த்து, கெடு முடிந்ததும் திரும்பியிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் சில வாரம் நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணம், அப்போது பழைய கம்ப்யூட்டர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது; அதற்கு முன் முதல் தடவை தொங்கியபோது அது அணைந்து கிடந்திருக்க வேண்டும்.

இசட் டிரைவைத் துண்டிக்க அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்கனெக்ட்’ கொடுக்க வேண்டும். ரைட் கிளிக் செய்தேன். 11 விநாடி காத்திருந்தேன்.

துண்டித்த பிறகு, ஒரு ஆர்வத்தில், அந்த ப்ளக்இன்னை அணைக்காமலேயே விட்டுப் பார்த்தேன். எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு ரைட் கிளிக். கட்டைவிரல் பட்டனைத் தொடும் முன்பே மெனு வந்துவிட்டது. பிறகு அந்த டிஎல்எல்லையும் ஷெல்எக்ஸ்வியூவில் அணைத்தேன், வாசலில் நிற்க அதற்கு இனி வேலை இல்லை.